ஏற்புரைக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடங்கள்

மேடை ஏறியதும் சூப்பரிண்டெண்ட் அம்மா செய்யும் முதல் காரியம் குனிவது. கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, பலகைமேல் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் போடுவார். துணைவேந்தர் நிற்கும் இடம் ஒன்று. பட்டம் வாங்குகிறவர் நின்று வணங்கும் இடம் ஒன்று. மாலைத் தட்டோடு வருபவர் காத்திருப்பதற்குத் திரையோரம் இன்னொன்று. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் யாருக்கும் அந்தக் குறிகள் தெரியாது. எல்லாரும் தாமாகவே வந்து சரியான இடத்தில் நிற்பதுபோல இருக்கும். விழா முடிந்தபின் ஈரத்துணி எடுத்து அவரே துடைத்துவிடுவார். அறுபதுகளின் நடுவில் நான் அந்தப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்த அன்று, நாற்காலிகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்த அவரைப் பெருக்க வந்தவர் என்று நினைத்து, சூப்பரிண்டெண்ட் எங்கே என்று அவரிடமே கேட்டேன். “இங்கதான் எங்கயாவது இருக்கணும், தேடுவோம்” என்றார். கொஞ்ச தூரம் என்னோடு சேர்ந்து தேடவும் செய்தார்.

பல்கலைக்கழகத்தில் விழாப் பிரிவு என்று தனியாக ஒன்று இருந்தது வெளியில் பலருக்குத் தெரியாது. பட்டமளிப்பு, அறக்கட்டளைச் சொற்பொழிவு, வெளிநாட்டுப் பேராசிரியர் வருகை, இரங்கல் கூட்டம் என எது நடந்தாலும், அழைப்பிதழ் அச்சாவது முதல் கடைசி நாற்காலி வண்டி ஏறுவதுவரை எங்கள் பொறுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. படித்து டைப்பிஸ்டாக வந்த சூப்பரிண்டெண்ட் அம்மா, அந்தப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்திருந்தார். நான் வரலாற்றில் எம்.ஏ. அவருக்குக் கீழே உட்கார்ந்திருப்பது பற்றி எனக்குள் ஒரு குறை இருந்தது. அப்போது யாராவது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “என்ன எம்.ஏ., மாலை எண்ணியாச்சா?” என்பார். “எம்.ஏ., மூணாவது வரிசையில ஒரு நாற்காலி ஆடுது, நீங்க உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்க” என்பார். அது கேலியா, மரியாதையா என்று எனக்குப் பல வருடங்கள் புரியவில்லை. இப்போதும் முழுக்கப் புரியவில்லை.

அந்தப் பிரிவுக்கென்று எழுதி வைக்காத சட்டங்கள் இருந்தன. பேச்சாளருக்கு முதல் தம்ளர் தண்ணீர் உபசாரம். இரண்டாவது தம்ளர் போனால் முடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. தலைமை விருந்தினர் இரண்டாவது தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டால், நிரலில் என்ன மிச்சமிருந்தாலும் நாட்டுப்பண் இசைத்தட்டைப் போட்டுவிட வேண்டும். நாட்டுப்பண் ஆகிவிட்டால் விழா முடிந்தது. அதன் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. எப்போதோ ஒரு விருந்தினர் பாதியில் எழுந்து போய், அரங்கமே விழித்துக்கொண்டு நின்றதாம். அதற்குப் பிறகு அம்மா போட்ட சட்டம் அது. “அவரா எழுந்து போனா நமக்கு அவமானம். நாமளா அனுப்பி வச்சா மரியாதை” என்பார். சட்டம் அவருடையது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஏன் அழுத்துகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் அம்பத்தூரில் தனியாக இருந்தார். நான் ஆவடி. ஒரே ரயிலில்தான் வேலைக்குப் போவோம், அவர் மகளிர் பெட்டியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்கிறார் என்பது சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு குடியிருப்பு. அங்கே இருந்தவர்கள் முன்பு வயல் கூலிகள். வயல்கள் கைமாறித் தொழிற்சாலைகள் வந்தபின் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். அவர்களுக்கு மனு எழுதுவதுதான் அம்மாவின் ஞாயிறு. அடிபம்பு, தெருவிளக்கு, விட்டுப்போன ரேஷன் அட்டை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. இவர் எழுதியதோடு நிற்கமாட்டார். யார் முன்னால் நிற்பது, யார் முதலில் வாயைத் திறப்பது, அதிகாரி பிறகு வரச் சொன்னால் யார் நகராமல் நிற்பது என்று ஒத்திகை பார்த்துத்தான் கூட்டிப்போவார். தாசில்தார் வேஷம் எப்போதும் ஒரு கொத்தனாருக்கு. ஒருநாள் அவர் சொந்த மைத்துனன் நீட்டிய மனுவையே “இன்னாய்யா இது கையெழுத்து, அப்பாலிக்கா வா” என்று தள்ளிவிட, மைத்துனன் நிஜமாகவே கோபித்துக்கொண்டு போய்விட்டான். பட்டமளிப்பு விழாவை நடத்துகிற அதே முகத்தோடு அம்மா அவனைத் திரும்பக் கூட்டிவந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

அந்தக் குடியிருப்புக்கு எதிரே ஒரு தொழிற்சாலை சுற்றுச்சுவர் எழுப்ப ஆரம்பித்தது. வரப்பில் பத்து நிமிடம் நடந்தால் சாலை, பள்ளிக்கூடம், ஸ்டேஷன் எல்லாம் வந்துவிடும். சுவர் முடிந்தால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஏரி நிறைகிற மாதங்களில் அந்த வழியும் இருக்காது. லாரி வந்து போவதற்காக ஓரிடத்தில் மட்டும் கட்டாமல் விட்டிருந்தார்கள். அதை அடைக்கும்போது ஓர் ஆள் போகிற அகலத்துக்கு ஒரு சந்து விட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். மூன்று மனு போயிற்று. மூன்றுக்கும் பதில் இல்லை.

அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. பல்கலைக்கழகம் மாணவர்களை வைத்து அங்கங்கே முதியோர் கல்வி மையம் திறந்துகொண்டிருந்த சமயம். அதில் ஒன்றை இந்தக் குடியிருப்பில் திறக்க ஏற்பாடு செய்தார். கலெக்டரைத் தலைமை விருந்தினராக அழைத்தார். நிரலில் கலெக்டர் உரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே “ஏற்புரை, ஐந்து நிமிடம்” என்று ஒரு வரி. மையத்தில் படிக்கப்போகிற ஒரு பெண் நன்றி சொல்வதாக ஏற்பாடு. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சுவரில் சந்து விடும்படி கேட்டுவிட வேண்டும். “காகிதமா குடுத்தா தட்டுல போட்டுடுவாங்க எம்.ஏ. மைக்குல கேட்டா மைக்குலயே பதில் சொல்லியாகணும். இத்தன வருஷம் இந்த வேலை பார்த்து நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்” என்று என்னிடம் சொன்னார். அவரே கேட்க முடியாது. பல்கலைக்கழக ஊழியர் அரசு அதிகாரியிடம் மேடையில் கோரிக்கை வைத்தால் வேலை போய்விடும். அதனால் பேசுவதற்கு இட்லிக்காரம்மாவைத் தேர்ந்தெடுத்தார். தொழிற்பேட்டை வாசலில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்பவர், முப்பது வயதிருக்கும், தலையில் அடுக்குப் பாத்திரத்தோடு வரப்பில் நடந்து வருவார். ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். கடன் சொல்லுகிறவர்களை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏசக்கூடியவர் என்பதால் மைக் முன்னால் பயப்படமாட்டார் என்று அம்மா கணக்குப் போட்டார்.

விழாவுக்கு நாலைந்து நாள் முன்பு பதிவாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னை மட்டும். உட்காரச் சொன்னார், அதற்கு முன் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. அந்த அம்மா கலெக்டரை வைத்துக்கொண்டு ஏதோ செய்யப்போவதாகக் காதில் விழுந்தது என்றார். தொழிற்சாலையிலிருந்து யாராவது சொன்னார்களா, எங்கள் ஆபீசிலேயே யாராவது சொன்னார்களா, தெரியாது. “நீங்க படிச்சவர். உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். கூட்டம் கூட்டமா முடியணும்” என்றார். நான் “சரி சார்” என்றேன். அவர் எதையும் தடுக்கச் சொல்லவில்லை. நானும் எதையும் தடுப்பதாகச் சொல்லவில்லை. ஆனால் அறையைவிட்டு வெளியே வந்ததும் நேரே அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போய் மாலைக்காரருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று காலைப் பந்தலுக்குள் வெயில் சாய்வாக விழுந்தது நினைவிருக்கிறது. மேகமூட்டமாக இருந்தது என்றும் இன்னொரு நினைவு இருக்கிறது; இரண்டில் எது என்று சொல்ல முடியவில்லை. மைக் செட் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தது. அதைப் போடுகிற பாய் எங்கள் விழாக்களுக்குப் பழக்கமானவர். நாட்டுப்பண் தட்டுக்கு சமிக்ஞை கொடுப்பது என் வேலை என்பதால் நான் அவர் மேசையருகே நின்றேன். கடைசியில் நன்றியுரையும் நான்தான். மேடையில் அம்மா சாக்பீஸ் குறி போட்டிருந்தார். குடியிருப்பு மக்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்: எப்போது கைதட்டுவது, நாட்டுப்பண் பாடும்போது எப்படி நிற்பது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக் கூடாது என்பதுவரை. கலெக்டர் தாமதமாக வந்தார். இளைஞர், பண்பானவர். சந்தனம் பூசிக்கொண்டார், விளக்கேற்றினார், நன்றாகவே பேசினார். பேசி உட்கார்ந்ததும் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை நான் நிச்சயமாகப் பார்த்தேன்.

இட்லிக்காரம்மாவை அழைத்தார்கள். கஞ்சி போட்ட புடவை மொடமொடவென்று நிற்க, அவர் வந்து தன் குறிமேல் நின்றார். “எல்லாருக்கும் வணக்கம்” என்றார். குரல் தெளிவாக, கணீரென்று வந்தது. பிறகு அவர் பேசவில்லை. கண்களை நேரே வைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு நின்றது. பெஞ்சு நகரும் சத்தம்கூட நின்றது. அவருக்குச் சொல் மறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கலெக்டரைப் பார்த்தேன். அவர் இடதுகையைத் திருப்பிக் குனிந்து பார்த்தார். கடிகாரத்தையா, மணிக்கட்டில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த சந்தனத்தையா, எனக்குத் தெரியாது. நான் பாயிடம் கை காட்டினேன்.

“இன்னா சார், அந்தம்மா இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே” என்றார் பாய்.

“போடுங்க பாய்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முள்ளை இறக்கினார். எல்லாரும் எழுந்தார்கள். இட்லிக்காரம்மா மைக்குக்கு முன்னால், கைகள் இரண்டும் தொடையோடு ஒட்ட, சொல்லிக் கொடுத்தபடியே நின்றார். மேடையோரத்தில் அம்மா காலித் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் உலகத்தில் யாரும் எதுவும் செய்ய முடியாது. பாட்டு முடிந்ததும் கலெக்டர் இட்லிக்காரம்மாவைப் பார்த்துப் பெரிதாகக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அம்மா மேடையைச் சுற்றி ஓடிப்போய் ஜீப் ஜன்னல் வழியாக மனுவைக் கொடுத்தார். பார்க்கிறேன் என்று அவர் வாங்கிக்கொண்டது உண்மை. அதற்கும் பதில் வந்தது, சில மாதங்கள் கழித்து: பட்டா நிலம், தலையிட இயலாது.

ஜீப் போனதும் அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. “யாரு போடச் சொன்னது?” என்றார். பாய் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். கலெக்டர் இரண்டாவது தடவை வாட்ச் பார்த்தார் என்றேன்.

“பார்த்தாரா?”

“பார்த்தார் மேடம்.”

“அப்போ சரி” என்றார். ஈரத்துணி எடுத்துக்கொண்டு மேடை ஏறிவிட்டார். அதன்பின் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ஏன் கை காட்டினேன்? ஐம்பது வருடங்களாக இதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். சட்டப்படி செய்தேன் என்று முதலில் வைத்துக்கொண்டேன். அது எங்கள் வழக்கமான விழா அல்ல, அந்தச் சட்டம் அங்கே செல்லாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பிறகு, பேச வராமல் நின்ற ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் காரணம் பல வருடம் தாக்குப்பிடித்தது, ஏனென்றால் அந்தக் கணத்தில் எனக்கு நிஜமாகவே அவர்மேல் இரக்கமாக இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் பதிவாளர் அறையில் நான் சொன்ன “சரி சார்” அந்தக் கைக்குள் இருந்ததா இல்லையா? எஸ்.எஸ்.எல்.சி. படித்தவருக்குக் கீழே உட்கார்ந்திருந்த எம்.ஏ.வும் இருந்தானா? ஒருநாள் இருந்தான் என்று தோன்றுகிறது. மறுநாள், அப்படியெல்லாம் யோசிக்க நேரமே இல்லை, பழக்கத்தில் கை எழுந்தது என்று தோன்றுகிறது. இட்லிக்காரம்மா எவ்வளவு நேரம் மௌனமாக நின்றார் என்பதே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் என்று பாய் பின்னால் ஒருநாள் சொன்னார். என் நினைவில் அது அரை மணி நேரத்துக்குக் குறையாது.

அந்த மாதம் முடிவதற்குள் சுவரில் இருந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். பிள்ளைகள் கொஞ்ச நாள் கரையைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனார்கள். ஏரி நிறைந்ததும் ஒவ்வொருவராக நின்றார்கள். தண்ணீர் வடிந்தபின் சிலர் மறுபடி போனார்கள், சிலர் போகவில்லை. அடுத்த வருடம் அம்மாவை விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். வாழ்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கிடங்கில் உட்கார்ந்துகொண்டும் மனு எழுதினார். ஓய்வுக்குப் பிறகு மாங்காட்டில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கே ஒரு பஸ் நிறுத்தத்துக்காக ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். வாசலில் ஏழெட்டுப் பெண்கள், நடுவில் யாரோ போக்குவரத்து அதிகாரியாக நடித்துக்கொண்டிருந்தார். “வாங்க எம்.ஏ., சரியான நேரத்துக்கு வந்தீங்க, அதிகாரிக்கு ஒரு கிளார்க் வேணும்” என்றார். நான் கிளார்க்காக நடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதன்பின் அவரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வேலையாகத் தொழிற்பேட்டைப் பக்கம் போனபோது இட்லிக்காரம்மாவைப் பார்த்தேன். அதே வாசல், இப்போது மேலே ஒரு தார்ப்பாய். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் இளம்பெண் ஒருத்தி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “ஆபீசரம்மா கூட வருவீங்களே, அந்த சார்தானே” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேட்காமலே இட்லி வைத்தார். ஆபீசரம்மா இறந்த செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் அவரைப் பற்றிப் பேசினோம். மகள் ஆறாவதோடு நின்றுவிட்டதைச் சொன்னார். பிறகு அவராகவே அந்த விழாவைப் பற்றிய பேச்சுக்கு வந்தார். அன்றைக்குச் சொல் மறந்துவிட்டதா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மறக்கறதா? இன்னிக்கும் கேளுங்க, ஒரு எழுத்து உடாம சொல்றேன்” என்றார். “ஆபீசரம்மா ஒரு ரோசனை சொல்லியிருந்தாங்க சார். வணக்கம் சொன்ன ஒடனே பேசாத. மனசுக்குள்ள பத்து வரிக்கும் எண்ணு. கூட்டம் கம்முனு ஆவும், கலெக்டரும் இன்னாடான்னு நிமுந்து பாப்பாரு, அப்பாலிக்கா கேளுன்னாங்க. எண்ணிகினுதான் கீறேன். ஏழு. பாட்டு வந்துட்ச்சி.”

மகள் அரைப்பதை நிறுத்தாமலே, “ஆமா, அத்த இன்னும் எத்தினி பேராண்ட சொல்லுவ?” என்றாள்.

“சொன்னா இன்னாடி. தப்பு என்னுதுதானே” என்றார் அவர். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போன ஒரு விஷயத்தைச் சொல்கிற குரல். “நான்தான் சார் மெதுவா எண்ணிட்டேன். எங்க ஊட்டாளு சாவுற வரிக்கும் அத்தச் சொல்லித்தான் ஏசிகினு இருந்தாரு. கொஞ்சம் சுருக்க எண்ணியிருந்தா சந்து கெட்ச்சிருக்கும்.”

விழாவுக்கு ஒத்திகை நடந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அம்மா அவரிடம் எண்ணச் சொன்னது என் காதில் விழுந்ததா என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே யோசித்தேன். இன்றுவரை யோசிக்கிறேன். விழவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. அப்போது அதுகூட முக்கியமில்லை. தட்டைப் போடச் சொன்னது நான். இந்த நான்கு சொற்கள் போதும், அந்தப் பெண்ணின் தலையிலிருந்து அதை இறக்கி வைத்திருக்கலாம். மகளும் பக்கத்திலேயே இருந்தாள், கேட்டிருப்பாள். வாயில் இட்லி இருந்தது. விழுங்கினேன். விழுங்கிய பிறகும் சொல்லவில்லை.

“இன்னும் ரெண்டு வைக்கட்டுமா சார்?” என்றார்.

வையுங்கள் என்றேன்.